முதல் தோசை யாருக்கு

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. காக்கைக்கும் வெங்காயத்துக்கும் ஆட்டுரலுக்கும்கூட இருந்தது. மனிதர்களுக்குப் பேச இடம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். காக்கை அன்றும் இன்றும் ஒன்றுதான், வாயை மூடாது. வெங்காயம் எப்போதாவது பேசும். கல்தான் யோசித்து யோசித்துப் பேசும். ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்கு அரை நாள் எடுத்துக்கொள்கிற கற்களும் இருந்தன.

அப்போது தோசைக்கல் என்றால் உண்மையாகவே கல்தான். இன்றைக்கு இரும்பில் வார்த்ததையும், கறுப்புப் பூச்சு பூசிக் கடையில் விற்பதையும் நாம் கல் என்றேதான் சொல்கிறோம். அன்று ஆற்றங்கரை ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கி, தட்டையான கல் ஒன்றைத் தேடி எடுத்து, தேய்த்து வழவழப்பாக்கி அடுப்பில் ஏற்றினார்கள். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் முதல் தோசை பிய்யாது. பத்தாவது தோசை எப்படி வருமோ அப்படியே முதல் தோசையும் வட்டமாக, ஓரம் சிவந்து, தானாகக் கிளம்பி வரும். நம்ப முடியவில்லை அல்லவா? அடுப்படியில் நாலு நாள் நின்ற எவருக்கும் நம்ப முடியாதுதான்.

மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு திரும்புகிற இடத்தில் ஓர் ஊர். அங்கே வெயிலாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் கொம்பையா, கரையோரம் வயல் வைத்திருந்தவன். ஒரே மகள் ஆவுடைக்கு ஆறு வயது.

வெயிலாள் கல்யாணமாகி வந்த புதிதில் தானே ஆற்றில் இறங்கித் தேடி எடுத்துவந்த கல்தான் அவள் அடுப்பில் இருந்தது. வந்தபோது அது சாம்பல் நிறம். பத்து வருஷம் நல்லெண்ணெயும் அவள் கையும் பட்டுப் பட்டுக் கறுத்து, முகம் பார்க்கலாம் போல மினுமினுத்துப் போயிருந்தது. விடிந்ததும் அவள் அடுப்பு மூட்டுவாள். கல் காய்ந்ததும் விரலை நனைத்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளிப்பாள். கல் "சொய்" என்னும். கல்லின் பாஷையில் அதற்கு "வந்துட்டியா?" என்று அர்த்தம்.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்பாள் வெயிலாள். மாவை நடுவில் ஊற்றி, அகப்பையின் அடிப்புறத்தால் மெல்ல வட்டமாக இழுப்பாள்.

முதல் தோசை கொம்பையாவுக்கு. அவன் வயலுக்குப் போக வேண்டும். அடுத்தது ஆவுடைக்கு. அதற்கடுத்தது மறுபடி கொம்பையாவுக்கு. பிறகு யாராவது வருவார்கள். ஒரு வீட்டில் தோசை மணம் கிளம்பினால் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு எங்கிருந்தோ ஒரு வேலை முளைத்துவிடும், அரிவாள் கேட்க வந்தேன், நெருப்புக் கேட்க வந்தேன் என்று. அவர்களுக்கும் சுட்டுப் போடுவாள். கூரையிலிருந்து காக்கை கத்தும், அதற்கு ஒரு துண்டு. எல்லாரும் எழுந்து போன பிறகு பானையை வழிப்பாள். சில நாள் அரைத் தோசைக்கு மாவு தேறும். சில நாள் அதுவும் தேறாது. மாவு தேறினாலும் அதற்குள் அடுப்பு அவிந்திருக்கும். பழைய சோற்றைப் பிழிந்து வைத்துக்கொண்டு உட்காருவாள்.

கல் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு என்ன வேலை? ஒருநாள் கேட்டுவிட்டது.

"நீ எப்ப சாப்பிடுவ, தாயி?"

"அவுக வயலுக்குப் போகணும்லா. மொதல்ல அவுக சாப்பிடட்டும்."

இன்னொரு நாள் கேட்டபோது, "பிள்ளை பசி தாங்காது" என்றாள். வேறொரு நாள், "வந்தவங்களை வெறும் வாயோட அனுப்பவா?" என்றாள். கடைசியில் அவளுக்கும் காரணம் தீர்ந்துபோய், "நாளைக்கு" என்று சொல்லத் தொடங்கினாள். நாளைக்கு, நாளைக்கு என்று நாளும் ஓடியது.

கல்லுக்குப் பசி கிடையாது. அதனால் அதன் ஆசையெல்லாம் ஒன்றே ஒன்றாக இருந்தது. தன் மேலிருந்து எடுத்த ஒரு தோசையை, ஆவி அடங்குவதற்குள், வெயிலாள் தின்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்.

ஐப்பசி பிறந்தது. அக்கரையில் வெயிலாளின் தங்கச்சி பிள்ளை பெற்றிருந்தாள். குழந்தையைப் பார்த்துவிட்டு அந்தி சாய்வதற்குள் திரும்பிவிடலாம் என்று வெயிலாள் புறப்பட்டாள். போவதற்கு முன்னால் அரிசியும் உளுந்தும் அரைத்து, உப்புப் போட்டு, முழங்கை வரை மாவாகக் கலக்கி, பானையை மூடி வைத்தாள். மறுநாள் காலைக்கு வேண்டுமே.

காலைத் தோசை சுட்ட சூடு கல்லில் இன்னும் மிச்சம் இருந்தது. "இன்னைக்கும் நீ சாப்பிடல" என்றது கல்.

வெயிலாள் சிரித்துவிட்டாள். "நச்சரிக்காத. நாளைக்கு மொதத் தோசை எனக்குத்தான். ஆருக்கும் குடுக்க மாட்டேன். அடுப்புப் பக்கத்துலயே நின்னு, சுடச்சுடத் தின்பேன். சத்தியமா. போதுமா?"

"போதும்" என்றது கல். யோசிக்காமல் அது சொன்ன முதல் சொல் அதுதான்.

மத்தியானம் அவள் பரிசல் ஏறினாள். இங்கே ஒரு துளி மழையில்லை. ஆனால் மலையில் கொட்டியிருக்கிறது. வெள்ளம் சொல்லிக்கொண்டா வரும்? செம்மண் நிறத்தில் தண்ணீர் திரண்டு இறங்கியதைக் கரையில் துணி துவைத்தவர்கள் பார்த்து ஓடினார்கள். நடு ஆற்றில் இருந்தவர்களுக்கு ஓட இடம் ஏது? பரிசல் கவிழ்ந்தபடி அரைக் காதம் தள்ளி ஒரு மருத மரத்தில் சிக்கிக் கிடந்தது. வெயிலாள் கிடைக்கவில்லை.

கொம்பையா இரண்டு நாள் இரு கரையிலும் நடந்தான். நாணலை விலக்கிப் பார்த்தான், கூப்பிட்டுப் பார்த்தான். ஆற்றுக்குள் இருந்த கற்களையெல்லாம் கேட்டான். அவை யோசித்துக்கொண்டே இருந்தன, பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது வீட்டுக்கு வந்தான். அவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலில் ஆவுடை உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பிச்சம்மாள் கையில் கஞ்சிக் கலயத்தோடு நின்றாள். "ரெண்டு நாளா பச்சைத் தண்ணி பல்லுல படலண்ணே. நானும் கெஞ்சிப் பாத்துட்டேன், மிரட்டிப் பாத்துட்டேன். அம்மா அரைச்ச மாவு இருக்கு, அந்தத் தோசைதான் திம்பேன்னு உக்காந்திருக்கா. சரி, நான் ஊத்தித் தாரேன்னா, பானையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கா."

"அம்மா மாவை வேற ஆரும் தொடக் கூடாது" என்றாள் ஆவுடை.

"நான் தொடலாமா?" என்று கேட்டான் கொம்பையா.

அவள் எழுந்து வழிவிட்டாள். "நீ தொடலாம்ப்பா."

அப்படித்தான் கொம்பையா முதன்முதலாக அடுப்படிக்குள் நுழைந்தான். ஏர் பிடிக்கத் தெரியும், வரப்பு வெட்டத் தெரியும், மாட்டுக்கு லாடம் அடிக்கக்கூடத் தெரியும். தன் வீட்டில் உப்பு எந்தச் சட்டியில் இருக்கிறது என்று தெரியாது. பானை மூடியைத் திறந்தான். மாவு பொங்கிப் பாதி வழிந்து வீணாகியிருந்தது. அடியில் எட்டு அகப்பை மாவு இருக்கும். புளித்த வாசம் அடித்தது. மாவின் மேல் வெயிலாளின் விரல் போன தடம் ஒன்றும் இல்லை, பொங்கி மூடிவிட்டது. ஆனால் பானையின் கழுத்தில் அவள் கை வழித்துவிட்ட மாவு அப்படியே காய்ந்திருந்தது, நாலு விரல் பதிந்து. அவன் அதைத் தொடாமல் மாவை எடுத்தான்.

நன்றாகச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. வெயிலாள் கடைசியாக அரைத்த மாவு. ஏனோதானோ என்று சுடலாமா? கல்லைப் பார்த்தான். கன்னங்கரேல் என்று கிடந்தது. வெயிலாள் பாத்திரம் பண்டங்களைச் சாம்பலும் புளியும் போட்டுப் பளபளவென்று வைத்திருப்பவள். இந்தக் கல்லை மட்டும் ஒரு துணியால் துடைத்து விட்டுவிடுவாள். நேரமில்லாமல்தான் விட்டிருப்பாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஏன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

ஆற்று மணலை அள்ளினான். சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்தான். தேய்த்தான். மூன்று நாள் துக்கமும் கையில் இறங்கியதுபோல அப்படித் தேய்த்தான்.

"அம்மா இப்படித் தேய்க்க மாட்டா" என்றாள் ஆவுடை.

"அம்மாவுக்கு நேரமில்ல, தாயி. நமக்கு இருக்கு."

கல் ஒன்றும் சொல்லவில்லை. பரிசல் கவிழ்ந்த செய்தி வந்ததிலிருந்து அது வாயைத் திறக்கவே இல்லை. பத்து வருஷக் கறுப்பு ஒரு நாழிகையில் போயிற்று. கல் பழைய சாம்பல் நிறத்துக்கு வந்து, ஆற்றிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல வெறுமையாக இருந்தது. கொம்பையாவுக்குத் திருப்தி. அடுப்பை மூட்டினான்.

கல் காய்வதற்குள் முதல் அகப்பையை ஊற்றினான். மாவு இழுபடாமல் அப்படியே உட்கார்ந்து, பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்தான். தீயைத் தூண்டி, கல் புகைகிற வரை காயவிட்டு இரண்டாவதை ஊற்றினான். இப்போது மாவு கல்லில் நிற்கவே இல்லை, அகப்பையோடு சுருண்டு எழுந்து வந்தது. மூன்றாவதற்குத் தீயைக் குறைத்தான். நாலாவதற்கு எண்ணெயைக் கொட்டினான். ஐந்தாவதை வெயிலாள் எப்படி ஊற்றுவாள் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்த்து ஊற்றினான். நினைவில் அவள் முகம் வந்தது, கை வரவில்லை. தோசை வெந்தது, மணந்தது, ஓரம்கூடச் சிவந்தது. எடுக்கப் போனால் கந்தலாகப் பிய்ந்தது.

ஆவுடை ஒவ்வொரு தடவையும் தட்டை நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். பிய்ந்ததை எடுத்துக் கொடுத்தால், "இது அம்மா தோசை இல்ல" என்று தலையாட்டினாள்.

பானையைச் சாய்த்துப் பார்த்தான். மூன்று அகப்பை மாவு இருந்தது. அது தீர்ந்தால் வெயிலாளின் கை பட்ட சாப்பாடு இந்த உலகத்தில் வேறு இல்லை. அவனுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. ஈரச் சாக்கைச் சுற்றிக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தான். ஆவுடை அலறிக்கொண்டு பின்னால் ஓடி அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

படித்துறையில் கல்லைத் தலைக்கு மேல் ஓங்கினான். அப்போதுதான் கல் பேசியது.

"போடு. போட்டிரு. அவ அங்கதான இருக்கா."

கொம்பையாவின் கை அப்படியே நின்றது.

"அவளைத் தேடி நீ ரெண்டு நாள் நடந்த" என்றது கல். "எனக்குக் கால் இல்ல, கொம்பையா. இருந்திருந்தா நானும் வந்திருப்பேன். அடுப்பு மேலேயே இருந்தேன். அவ கை எம்மேல பத்து வருஷமா இருந்துச்சு. கறுப்பு கறுப்புன்னு நீ தேய்ச்சியே, அது அழுக்கில்ல. அவ ஒவ்வொரு நாளும் விட்ட எண்ணெய், ஒவ்வொரு நாளும் தடவுன தடவல். அது போயிரக் கூடாதுன்னுதான் என்னைய மட்டும் அவ தேய்க்காம வச்சிருந்தா. அதையும் நீ ஆத்து மணல் போட்டு எடுத்துட்ட. இனிமே எனக்கு அங்க என்ன இருக்கு? போடு."

கல் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. கொம்பையா கல்லை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். அது சுட்டது. அவன் நகர்த்தவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றான். "அவளுக்காகன்னு நெனச்சுத்தான் தேய்ச்சேன்."

"தெரியாதுதான்" என்றது கல். "உனக்கு இன்னொண்ணும் தெரியாது. அவ எனக்கு ஒரு வாக்குக் குடுத்துட்டுப் போயிருக்கா. மறுநாள் மொதத் தோசை எனக்குன்னு. ஆருக்கும் குடுக்க மாட்டேன், நின்னுக்கிட்டே சுடச்சுடத் திம்பேன்னு. அதுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். அவ தோசையை நீ ஆருக்குக் குடுக்கப் பாத்த?"

"ஏன், அதுக்கு முந்தி அவ சுடச்சுடத் தின்னதே இல்லியா?"

கொம்பையா மகளைப் பார்த்தான். "ஆவுடை, அம்மா எப்ப சாப்பிடுவா?"

"நாம எந்திரிச்சுப் போன பெறகு."

"தோசையா?"

"பழைய சோறு" என்றாள் ஆவுடை. "தோசை தீந்து போயிரும்ல."

கொம்பையா நினைத்து நினைத்துப் பார்த்தான். பத்து வருஷம். எத்தனை காலை. அவள் குனிந்து போடுவது நினைவிருந்தது. இன்னொண்ணு போடவா என்று கேட்பது நினைவிருந்தது, வேண்டாம் என்று சொன்ன பிறகும் போடுவது நினைவிருந்தது. அவள் வாயில் ஒரு கவளம் போவதை மட்டும் அவனால் நினைவுக்குக் கொண்டுவரவே முடியவில்லை. எழுந்து, கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

கல்லை மறுபடி அடுப்பில் ஏற்றினான். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். மேலே உறியில் தொங்கிய கூடையிலிருந்து ஒரு பெரிய வெங்காயம் எட்டிப் பார்த்தது.

"என்னைய வெட்டு" என்றது.

"எதுக்கு?"

"கல்லு கோவத்துல இல்ல. அது காஞ்சு கிடக்கு. நீயும் அப்படித்தான் கிடக்க. மூணு நாளா பிள்ளை பாத்துருவாளேன்னு அடக்கி அடக்கி வச்சிருக்க. என்னைய ரெண்டா வெட்டு. பிள்ளை கேட்டா வெங்காயம்னு சொல்லிக்கோ."

கொம்பையா அரிவாள்மணையில் உட்கார்ந்து வெட்டினான். முதலில் கண் எரிந்தது. பிறகு கலங்கியது. அதன் பிறகு நின்றபாடில்லை. தோள் குலுங்கியது, முதுகு குலுங்கியது, மூன்று நாள் தண்ணீரும் தாடி வழியாக இறங்கியது.

"எப்பா, அழுதியா?" என்றாள் ஆவுடை.

"வெங்காயம், தாயி."

ஆவுடை மற்றப் பாதியை எடுத்துத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் வெங்காயம்ப்பா" என்றாள். பிறகு அவளும் அழுதாள். தட்டை நீட்டியபோதும் அழாத பிள்ளை, அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மா அம்மா என்று அழுதாள்.

அழுது முடிய நேரமாயிற்று. வெங்காயம் பொறுத்திருந்தது. பிறகு, "என்னைய எண்ணெயில முக்கிக் கல்லு மேல தேய்" என்றது. "மணலை வச்சுத் தேய்ச்ச மாதிரி இல்ல. பிள்ளைக்கு எண்ணெய் வைப்பியே, அப்படி. அவ கை ஒரே நாள்ல திரும்பி வராது. தெனமும் தேய், கொஞ்சம் கொஞ்சமா வரும்."

கொம்பையா பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் முக்கிக் கல்லில் தேய்த்தான். நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு. கல் எண்ணெயைக் குடித்தது. மறுபடி தேய்த்தான், மறுபடி குடித்தது. நாலாம் தடவைதான் அதன் முகத்தில் கொஞ்சம் மினுமினுப்புத் தெரிந்தது. விரலை நனைத்து நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தான்.

"சொய்" என்றது கல். வந்துட்டியா என்று அது கேட்டது அவனை இல்லை. அது அவனுக்கும் தெரிந்தது.

"அவ வரல" என்றான் மெதுவாக. "நான்தான் வந்திருக்கேன். இது அவளுக்கு." ஓர் அகப்பை மாவை நடுவில் ஊற்றி வட்டமாக இழுத்தான். பழக்கமில்லாத கையில் வட்டம் கோணலாயிற்று. வெந்ததும் எடுக்கப் போனான். ஒட்டிக்கொண்டது. மெல்ல நெம்பினான், பிய்ந்தது.

"இன்னமும் பிடிச்சுக்கிடுதியே!" என்றான் கொம்பையா. "அவளுக்குன்னு சொல்லித்தான ஊத்துனேன்?"

"அதனாலதான் பிடிக்கேன்" என்றது கல். "முழுசா வந்தா நீ என்ன செய்வ? மகளுக்குப் போடுவ. இல்ல, வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்குப் போடுவ. அடுப்புக்கு முன்னால நிக்கிறவங்க புத்தி எல்லாம் ஒண்ணுதான், பத்து வருஷம் பாத்துட்டேன். நல்லா வந்ததை நீங்க உங்க வாயில போடவே மாட்டீங்க. அதனால மொதத் தோசையைப் பிச்சுத்தான் தருவேன். பிஞ்சதை ஆரு எலையிலயும் வைக்க முடியாது. சுடுதவங்கதான் தின்னாகணும்."

"சுடுதவ இல்லியே."

"அவ நின்ன எடத்துல இன்னைக்கு நீ நிக்க" என்றது கல். "தின்னு. ஆறிரும்."

கொம்பையாவும் மூன்று நாளாக ஒன்றும் தின்னவில்லை. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை, அவனுக்கும் நினைவில்லை. கல்லிலிருந்து சுரண்டிய தோசையைக் கையில் வாங்கினான். விரல் பொத்துப் போகிற சூடு. ஊதி ஊதி, நின்றபடியே வாயில் போட்டான். புளிப்பு, வெயிலாள் போட்ட உப்பு, அடியில் லேசான தீய்ச்சல். இதற்கு எத்தனை ருசி என்று அவளுக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று நினைத்தான். ஒரு துணுக்கு விடாமல் தின்றான். கல் பார்த்துக்கொண்டே இருந்தது. அது பார்க்க விரும்பிய முகம் அதுவல்ல. இருந்தாலும் பார்த்தது.

அடுத்த அகப்பையை ஊற்றினான். ஓரம் தானாக எழுந்தது. கரண்டியை வைக்கும் முன்பே தோசை கல்லைவிட்டு நழுவியது. முழு வட்டமாக, பொன்னிறமாக, ஒரு கீறல்கூட இல்லாமல்.

ஆவுடை கருப்பட்டியைத் தொட்டுத் தொட்டு மெதுவாகத் தின்றாள். கடைசித் துண்டை வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். "அம்மா தோசைதான்" என்றாள்.

பானையில் இன்னும் ஓர் அகப்பை மாவு இருந்தது. கொம்பையா எடுக்கப் போனபோது ஆவுடை பானையின் வாயைக் கையால் மூடினாள்.

"அதை விட்டிரு. நாளைக்கு அரைக்கிற மாவுல கலந்துக்குவோம். தீராது."

அப்படியே செய்தார்கள். பிச்சம்மாள் சொல்லச் சொல்ல, கொம்பையா உளுந்து ஊறப்போட்டான், ஆட்டுரலில் அரைத்தான், உப்பைக் கூட்டிக் குறைத்துக் கற்றுக்கொண்டான். தினமும் வெங்காயம் தேய்த்தான். கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. தினமும் முதல் தோசையைக் கல் பிடித்துக்கொண்டது. தினமும் அவன் அதைச் சுரண்டி, நின்றபடியே தின்றுவிட்டு, ஆறு இருக்கிற பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மகளுக்கு ஊற்றத் தொடங்கினான்.

ஆவுடை வளர்ந்து, கல்யாணமாகிப் போனபோது கல்லையும் ஒரு கலயம் மாவையும் கொண்டுபோனாள். போன ஊரில் அடுப்படிக் கற்களெல்லாம் அந்தக் கதையைக் கேட்டன. கற்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. மெதுவாகத்தான், வருஷக் கணக்கில். வெகுகாலம் கழித்து இரும்பு வந்து அடுப்பேறியபோது, இறங்கிப் போகிற கல் ஏறி வருகிற இரும்பிடம் சொல்லிவிட்டுத்தான் போனது. அதன் பிறகு கற்கள் பேசுவதை நிறுத்திவிட்டன. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஒரே ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டன. காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், இன்னும் கேட்கிறது, வந்துட்டியா என்று.

புதிதாகத் தோசை சுடப் பழகுகிறவர்களுக்கு இது தெரியாது. மாவு சரியில்லை என்பார்கள், தீ சரியில்லை என்பார்கள், கை ராசியில்லை என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். சிலர் கல்லைப் போட்டுப் பளபளவென்று தேய்க்கவும் தேய்ப்பார்கள், கொம்பையா மாதிரி. அவர்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை.

அன்று அந்தக் கல் பிடித்த பிடியை எந்தக் கல்லும் இன்றுவரை விடவில்லை. முதல் தோசை பிய்ந்துதான் வருகிறது. அடுப்பின் முன் நிற்பவர், யாருக்கும் பரிமாற முடியாத அதைச் சுரண்டி எடுத்து, யாரும் பார்க்காதபோது, சுடச்சுடத் தன் வாயில் போட்டுக்கொள்கிறார்.